விதைக்கு இலைத்தூள் மேலுறை

நிலக்கடலை, உருளைக்கிழங்கு போன்ற சில பயிர்களை நீக்கிப் பார்த்தால், சாகுபடிச் செலவில் விதைக்கு ஆகும் தொகை சொற்பமே. உழவு, எரு, களையெடுப்பு, அறுவடை ஆகியவற்றிற்கு ஆகும் செலவின் முன்னே அது ஒரு பொருட்டாகத் தோன்றாது. ஆயினும் அச்சொற்பத் தொகை வீணாகுமாயின், அதன்பின் செய்யும் செலவுகளும் பெரும்பாலும் வீணாகின்றன. பயிர் செறிவாக முளைக்காத வயலில் இடும் உரம் களைக்கே உணவாகிறது. கிணற்றுப் பாசனம் உடையோர் மீண்டும் ஒருமுறை விதைத்துக்கொள்ளலாம். மானாவாரி விவசாயிக்கோ மறுவிதைப்பு என்பது விதையின் விலையோடு முடிகிற காரியமன்று. முதல் மழையின் ஈரம் போய்விடுகிறது, பட்டம் தவறிவிடுகிறது, அவ்வாண்டின் வருவாயே ஐயத்திற்கு இடமாகிறது.

விதை மண்ணில் விழுந்த நாள் முதல் முளை வெளிப்படும் நாள் வரையில் உள்ள இடைக்காலம் சில நாட்களே. அந்நாட்களில் அதற்கு ஒரு பாதுகாப்பு அளிக்க முடியுமா என்பதே இக்கட்டுரையின் பொருள். தழைகளை உலர்த்தித் தூளாக்கி, கஞ்சியைக் கொண்டு விதையின் மேல் ஒரு மெல்லிய உறையாக ஏற்றும் முறை ஒன்று உண்டு. அதிகச் செலவில்லாதது, வீட்டிலேயே செய்யக்கூடியது. அது எவ்விடத்தில் பயன்படும், எவ்விடத்தில் பயன்படாது என்பதை அறிந்து செய்தல் வேண்டும். பயன்படாத இடத்தில் செய்துவிட்டு, முறையையே குறை கூறுவோரும் உண்டு.

விதைக்கு மேலுறை இடும் வழக்கம் புதிதன்று. பருத்தி விதைப்போர் விதையைச் சாணக் கரைசலில் இட்டுத் தேய்த்து, சாம்பலோ மண்ணோ தூவிப் புரட்டி உலர்த்திய பின்னரே விதைத்து வந்தனர். பஞ்சு ஒட்டிய விதைகள் ஒன்றோடொன்று பிணையாமல் தனித்தனியே விழவேண்டும் என்பது அதன் முதல் நோக்கம். துவரை, அவரை விதைகளைச் செம்மண் குழம்பில் புரட்டிக் காயவைத்துச் சேமித்தல் நம் வீட்டுப் பெண்டிர் நன்கறிந்த முறை. கௌடில்யரின் அர்த்தசாஸ்திரத்திலும் கொட்டை போன்ற கடின வித்துக்களுக்குச் சாணம் பூசவேண்டும் என்றும், கரும்புக் கரணையின் வெட்டுவாயில் தேன், நெய், பன்றிக்கொழுப்பு ஆகியவற்றைச் சாணத்துடன் சேர்த்துப் பூசவேண்டும் என்றும் கூறப்பட்டிருக்கிறது. கரும்புக்குத் தேனும் நெய்யும் இடுவார் இன்று எவருமிலர். எனினும், மண்ணில் வைக்குமுன் விதையைக் காக்கவேண்டும் என்னும் கருத்து எத்தனை பழமையானது என்பது இதனால் விளங்கும்.

இக்காலத்தில் இம்முறையை அளவோடும் சோதனையோடும் ஆராய்ந்தவர்கள் கோயம்புத்தூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் விதை விஞ்ஞானிகள். அரப்பு, புங்கம், வேம்பு, நொச்சி முதலிய தழைகள் அவர்களால் ஆராயப்பட்டன. அவற்றுள் பரிந்துரைகளில் அடிக்கடி காணப்படுவது அரப்புத் தழை. எண்ணெய் தேய்த்துக் குளிப்போர் தலைக்கு இடும் அரப்பே இது. இம்மரத்தை உசிலை என்பர் சிலர். துரிஞ்சி என்பர் சிலர். ஊருக்கொரு பெயர் உண்டு. ஆகவே பெயரை மட்டும் நம்பாமல், தழையைத் தண்ணீரில் கசக்கி நுரைக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுதல் நலம். கடையில் விற்கும் அரப்புத் தூளில் வேறு பொருள்களும் கலந்திருக்கக்கூடும்; தலைக்கு அது கெடுதல் செய்யாதிருக்கலாம், விதைக்கு எவ்வாறிருக்கும் என்று சொல்வதற்கில்லை. மரத்திலிருந்து பறித்து நாமே உலர்த்திக்கொள்வதே உத்தமம்.

பருத்திக்கு அப்பல்கலைக்கழகம் கூறும் முறை பின்வருமாறு. விதையின் அளவுக்குச் சம அளவாக 1 சதவீதப் புங்க இலைச் சாற்றை எடுத்து, அதில் விதையை 8 மணி நேரம் ஊறவைக்கவேண்டும். பின்னர் பழைய ஈரநிலைக்கு வரும்வரை நிழலில் உலர்த்தவேண்டும். அதன்பின் ஒரு கிலோ விதைக்கு 100 கிராம் அரப்புத் தூள், 40 கிராம் டி.ஏ.பி., 15 கிராம் நுண்ணூட்டக் கலவை, 200 கிராம் அசோஸ்பைரில்லம் ஆகியவற்றை, 5 சதவீத மைதாக் கஞ்சி 300 மில்லி லிட்டரைக் கொண்டு ஒட்டச்செய்யவேண்டும். இத்தனை பொருள்களையும் சேகரிக்க இயலாதவர்கள் அரப்புத் தூளையும் கஞ்சியையும் மட்டும் கொண்டு தொடங்கலாம்.

இவ்வுறை எவ்வாறு வேலை செய்கிறது? விதை முளைப்பதற்கு முதற்கண் வேண்டுவது தண்ணீர். மண்ணில் ஈரம் இருந்தும் விதைக்கு அது எட்டாமற் போவதுண்டு. கட்டியும் புழுதியுமாக உள்ள நிலத்தில் விதைக்கும் மண்ணுக்கும் இடையே காற்று நிற்கிறது. ஈரம் கடந்து வருவதில்லை. இலைத்தூள் உறை அவ்விடைவெளியை நிரப்புகிறது; சுற்றியுள்ள ஈரத்தை உறிஞ்சி விதையை ஒட்டியே வைத்திருக்கிறது. அரப்பில் சப்போனின் என்னும் நுரைக்கும் பொருள் இருப்பதால் தண்ணீர் எளிதில் பரவி ஒட்டுகிறது. இதனோடு, தழையிலுள்ள சத்துக்கள் மட்கும்போது இளவேருக்குச் சிறிது கிடைக்கும். எள், கேழ்வரகு போன்ற சிறு விதைகளுக்கு உறை ஏறினால் பருமன் கூடுவதால், ஓரிடத்தில் குவியாமல் சீராக விதைக்க முடிகிறது என்பது தனி அனுகூலம்.

இவை அனைத்தும் உயிருள்ள விதைக்கே பொருந்தும். இறந்த விதைக்கு எந்தத் தூளைப் பூசினும் அது முளைக்கப்போவதில்லை. இதனை வற்புறுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. முளைப்புத்திறன் குறைந்த பழைய விதைக்கு மேலுறை மருந்தாகும் என்ற எண்ணம் ஊர்களில் பரவி வருகிறது. உளுந்தை உதாரணமாக எடுத்துக்கொண்டு ஒரு கணக்குப் பார்ப்போம். ஏக்கருக்கு 8 கிலோ விதை இடுகிறோம். ஆயிரம் விதை ஏறக்குறைய 45 கிராம் இருக்குமாயின், 8 கிலோவில் 1,77,000 விதைகளுக்குச் சற்று அதிகமாக இருக்கும். வரிசைக்கு வரிசை 30 சென்டிமீட்டர், செடிக்குச் செடி 10 சென்டிமீட்டர் எனக் கொண்டால் ஏக்கருக்கு வேண்டிய செடிகள் ஏறத்தாழ 1,35,000. சான்று பெற்ற உளுந்து விதைக்கு விதிக்கப்பட்ட குறைந்தபட்ச முளைப்புத்திறன் 75 சதவீதம். அந்த விதையே 1,33,000 செடிகளைத்தான் தரும்; அதாவது, கணக்கில் மிச்சம் என்று ஒன்றுமில்லை. முளைப்பு 60 சதவீதமே உள்ள விதையாயின் 1,06,000 செடிகள். வயலில் கண்ணுக்குத் தெரியும்படி இடைவெளி விழும். இதுவும் பரிசோதனைச் சாலையின் கணக்கு. வயலில் எறும்பு, புழு, அழுகல், ஈரக்குறைவு ஆகியவற்றால் மேலும் குறையும். மேலுறையால் நாம் மீட்கக்கூடியது இவ்விரண்டாவது குறைவில் ஒரு பகுதியையே. முதலாவது குறைவை எவராலும் மீட்க இயலாது.

ஆகவே மேலுறை இடுமுன் முளைப்புப் பரீட்சை செய்தல் கட்டாயம். விதை மூட்டையின் மேல், நடு, அடி ஆகிய மூன்று இடங்களிலிருந்தும் எடுத்துக் கலந்து, பொறுக்காமல் 100 விதைகளை எண்ணிக்கொள்ளவேண்டும். பொறுக்கி எடுத்தால் பரீட்சை நம்மையே ஏமாற்றும். நனைத்துப் பிழிந்த துணியில் விதைகளை ஒன்றையொன்று தொடாமல் பரப்பிச் சுருட்டி, நிழலில் வைத்து, துணி காயாமல் நீர் தெளித்து வரவேண்டும். உளுந்து, பயறு ஆகியவற்றில் நான்காம் நாளும் ஏழாம் நாளும் எண்ணவேண்டும். வேரும் தண்டும் நேராக வளர்ந்தவற்றை மட்டுமே கணக்கில் சேர்க்கவேண்டும். வெடித்து நின்றவையும் அழுகியவையும் கணக்கில் சேரா. 75க்குக் குறைந்தால் அவ்விதையை விட்டுவிடுவதே மேல். ஐயமிருப்பின் அரசு விதைப் பரிசோதனை நிலையத்திற்கு மாதிரி அனுப்பலாம்.

இனி, எந்த நிலத்திற்கு இது வேண்டும் என்பதைக் கவனிப்போம். காஞ்சிபுரத்தின் தென்புறத்தில், பாலாற்றையொட்டி ஓரிக்கை அமைந்திருக்கிறது. நகரம் பெருகி ஓரிக்கையும் அதனுள் அடங்கிவிட்ட போதிலும், உத்திரமேரூர் செல்லும் வழிநெடுக நெல்லும் உளுந்தும் நிலக்கடலையும் இன்றும் விளைகின்றன. இப்பகுதியில் ஏரிப் பாசனத்தில் நாற்றுவிட்டு நடும் நெல்லுக்கு மேலுறை தேவையே இல்லை. நாற்றங்காலில் ஈரத்திற்குக் குறைவில்லை. விதையை ஊறவைத்து முளைகட்டியே விடுகிறோம். முட்டை மிதக்கும் அளவு உப்புக் கரைத்த நீரில் விதையைப் போட்டு, மிதக்கும் பதரை நீக்கி, நல்ல நீரில் கழுவிக்கொண்டால் போதுமானது. அங்கு இலைத்தூள் பூசுவது வீண் சிரமம்.

ஏரியில் நீர் வருமுன், வடகிழக்குப் பருவமழையை எதிர்நோக்கிப் புழுதியில் நேரடியாக விதைக்கும் நெல்லின் நிலைமை வேறு. பழைய செங்கற்பட்டு மாவட்டம் முழுவதிலும் புழுதிக்கால் நெல் நெடுங்கால வழக்கம். விதைத்த பின் ஒரு தூறல் விழுந்து முளை கிளம்பி, அடுத்த மழைக்குப் பல நாள் காத்திருக்கும் அவலம் இதில் உண்டு. இதற்கு வேளாண்மைப் பல்கலைக்கழகம் முதலில் கூறுவது மேலுறை அன்று; விதையைக் கடினப்படுத்துதல். விதைக்குச் சம அளவான 1 சதவீதப் பொட்டாசியம் குளோரைடு கரைசலில், அதாவது லிட்டருக்கு 10 கிராம் கரைத்த நீரில், 16 மணி நேரம் ஊறவைத்து மீண்டும் நிழலில் உலர்த்தினால் இளம்பயிர் வறட்சியைத் தாங்கும். இதைச் செய்தபின் மேலுறையும் இட விரும்புவோர் இடலாம். ஒன்றை மட்டும் செய்ய முடியுமாயின் கடினப்படுத்துதலையே செய்க.

மேலுறைக்கு மிகவும் ஏற்றவை மானாவாரி உளுந்து, பச்சைப்பயறு, எள், பருத்தி, சோளம் ஆகியவை. ஓரிக்கையில் இதனை விளக்கியபோது, தறியும் நிலமும் உடைய பெரியவர் ஒருவர், “ஐயா, எட்டுக் கிலோ விதைக்கு இத்தனை வேலையா?” என்று கேட்டார். நியாயமான கேள்வியே. இருவர் சேர்ந்தால் ஒரு காலை வேளையில் முடியும் வேலை என்றதும் சற்று யோசித்து, “அப்படியானால் நாங்கள் பாவுக்குக் கஞ்சி போடுவது போலத்தான்” என்றார். அவர் கூறியது முற்றிலும் பொருத்தம். பட்டுப் பாவுக்கு அரிசிக் கஞ்சி தோய்த்து உலர்த்தும் ஊரில் கஞ்சியின் பதத்தைப் பற்றி வேறெவரும் கற்பிக்க வேண்டியதில்லை. கஞ்சி தடித்தால் இழை இழையோடு ஒட்டும். நீர்த்தால் இழைக்கு விறைப்பு வராது. விதைக்கும் அதே பதந்தான்.

செய்முறை இதுவே. தழையைக் காம்பு நீக்கி நிழலில் பரப்பி, கையால் நொறுக்கினால் ஒலியுடன் பொடியாகும்வரை உலர்த்தவேண்டும். வெயிலில் காயவைத்தால் விரைவில் காயும். ஆனால் பச்சை நிறம் போய்ப் பழுத்துவிடும். பின் இடித்து வஸ்திரகாயம் செய்து, ஈரம் படாத தகரத்தில் வைத்துக்கொள்ளலாம். கப்பியாக உள்ள தூள் விதையில் ஒட்டாது. மிக மெல்லிய தூளே வேண்டும். லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் மைதாவைக் கட்டியின்றிக் கரைத்துக் காய்ச்சி, முற்றிலும் ஆறவிடவேண்டும். மைதா இல்லாவிடில் வடித்த அரிசிக் கஞ்சியும் ஆகும். வெதுவெதுப்பு இருக்கும்போதே ஊற்றுதல் கூடாது.

விதையை அகன்ற தட்டிலோ வாளியிலோ இட்டு, கஞ்சியைச் சிறிது சிறிதாகத் தெளித்துப் புரட்டி, எல்லா விதையும் பளபளப்பாக நனைந்தவுடன் நிறுத்திவிடவேண்டும். பருத்திக்குக் கூறிய கஞ்சியளவு உளுந்துக்கு மிகையாகும். உளுந்தின் தோல் ஊறிச் சுருங்கிவிட்டால் மேலுறையால் நன்மைக்குப் பதில் தீமையே விளையும். நனைந்த விதையின் மேல் தூளைத் தூவி, தட்டை வட்டமாக ஆட்டிக்கொண்டே இருக்கவேண்டும். கையால் அழுத்திப் பிசைதல் கூடாது. கிலோவுக்கு 100 கிராம் தூளில் தொடங்கி, விதைகள் தனித்தனியே உருளும் நிலை வந்ததும் போதுமென்று நிறுத்துக. இரண்டு மூன்று விதைகள் சேர்ந்து எள்ளுருண்டை போலாகுமாயின் கஞ்சி மிஞ்சிவிட்டது என்று அறிக. அப்போது உலர்ந்த தூளை மேலும் தூவிப் பிரிக்கலாம். பின் சாக்கின் மேல் மெல்லியதாகப் பரப்பி நிழலில் உலர்த்தவேண்டும்.

பயறு வகைகளுக்கு ரைசோபியம் இடுவோர் அதைக் கைவிட வேண்டியதில்லை. ஹெக்டேருக்குரிய விதைக்கு 600 கிராம் ரைசோபியத்தை அரிசிக் கஞ்சியில் கலந்து விதையில் ஏற்றுமாறு பரிந்துரைக்கப்பட்டிருக்கிறது. அதே கஞ்சி இலைத்தூளுக்கும் ஒட்டுப்பொருளாகப் பயன்படும்; ஆகவே வேலை இரட்டிப்பதில்லை. அழுகலுக்கு டிரைக்கோடெர்மா விரிடி இடுவதாயின் கிலோவுக்கு 4 கிராம் முதலில் கலந்துகொள்க. ரசாயனப் பூசணக்கொல்லி கலந்த விதையாயின், நுண்ணுயிரைச் சேர்க்குமுன் 24 மணி நேரம் இடைவெளி விடுதல் இன்றியமையாதது. இல்லையேல் காசு கொடுத்து வாங்கிய நுண்ணுயிர் அனைத்தும் விதையின் மேலேயே மடியும்.

கடையில் சிவப்பு, நீலம், பச்சை முதலிய நிறங்களில் விற்கும் விதைகளைக் கண்டு, அவற்றிற்கும் மேலுறை இடலாமா என்று கேட்கிறார்கள். வேண்டியதில்லை. அவற்றில் முன்னரே பாலிமர் உறையோடு மருந்தும் ஏறியிருக்கும். அவ்விதையில் மிஞ்சியதைக் கோழிக்கோ மாட்டுக்கோ இடுதல் பெரும் ஆபத்து. மேல்நாடுகளில் சர்க்கரைக்கிழங்கு விதை பெரும்பாலும் உருண்டையாக உறையேற்றப்பட்டே விற்கப்படுகிறது. இயந்திரம் ஒவ்வொன்றாக விதைக்கவேண்டும் என்பதற்காக வந்த ஏற்பாடு அது. ஐரோப்பிய ஒன்றியம் 2023ஆம் ஆண்டில் நுண்பிளாஸ்டிக்கைக் கட்டுப்படுத்தச் சட்டம் இயற்றியபோது, விதை உறைகளில் சேரும் பிளாஸ்டிக்கும் அதனுள் வந்தது. மாற்றிக்கொள்ளச் சில ஆண்டுகள் அவகாசம் அளிக்கப்பட்டிருக்கிறது. ஆதலால் மாவுப்பொருள் முதலியவற்றால் உறை செய்யும் வழிகளை அங்குள்ள கம்பெனிகளும் இப்போது தேடுகின்றன. நம் கஞ்சியும் தழையும் அவ்வளவில் முன்னேறியவையே என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

பஞ்சாயத்து உறுப்பினர்கள் இதில் செய்யக்கூடியது என்ன? முதலாவது, தழை கிடைக்க வழிசெய்தல். அரப்பும் புங்கமும் கரம்பிலும் புறம்போக்கிலும் வளரக்கூடியவை; வறட்சியைத் தாங்குபவை. மரம் நடும் திட்டங்களில் நிழல் மரத்தையே நாடாமல், இவ்விரண்டிற்கும் சில குழிகளை ஒதுக்கலாம். ஏரிக்கரையில் நடுவதாயின் கரை யாருடைய பொறுப்பில் உள்ளது என்பதை முதலில் பார்க்கவேண்டும். ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்கு உட்பட்ட ஏரிகள் ஊராட்சி ஒன்றியத்தின் பராமரிப்பிலும், அதற்கு மேற்பட்டவை நீர்வளத் துறையின் பராமரிப்பிலும் உள்ளன. உரிய அனுமதியின்றி நட்டுவிட்டுப் பின்னர் வழக்கில் சிக்கிக்கொள்வதால் பயனில்லை. கரையின் உட்சரிவில் வேர் ஆழ்ந்து கரையைத் துளைக்கும் இடங்களைத் தவிர்க்கவும் வேண்டும். தழையை மொட்டையாக வெட்டாமல் கிளைக்குக் கிளை கவாத்துச் செய்து எடுக்கலாம் என்று கிராம சபையில் ஒரு தீர்மானம் இருந்தால் பின்னர் பூசல் எழாது.

இரண்டாவது, தூள் செய்யும் வேலையை மகளிர் சுயஉதவிக் குழுவினர் ஏற்றுக்கொள்ளலாம். ஆனால் ஓர் எச்சரிக்கை: விவசாயியின் சொந்த விதைக்கு உறையேற்றிக் கொடுப்பது வேறு, உறையேற்றிய விதையை விலைக்கு விற்பது வேறு. 1983ஆம் ஆண்டின் விதைக் கட்டுப்பாட்டு ஆணை, விதை விற்பனைக்கு உரிமம் பெறவேண்டும் என்று விதித்தது. அந்த எல்லைக்குள் குழுவினர் போகாமல், தூளை மட்டும் தயாரித்துக் கொடுப்பதே தற்போதைக்கு ஏற்றது.

முதல் ஆண்டில் எவரும் வயல் முழுவதற்கும் இம்முறையைக் கைக்கொள்ள வேண்டும் என்பதில்லை. ஒரே வயலில், ஒரே நாளில், ஒரே விதையைக்கொண்டு பத்து வரிசை உறையேற்றியும் பத்து வரிசை வெறுமையாகவும் விதைத்து, ஓரத்தில் குச்சி நட்டு அடையாளம் வைக்கலாம். எட்டாம் நாளும் பதினைந்தாம் நாளும் ஒவ்வொன்றிலும் ஐந்து இடங்களில் ஒரு மீட்டர் நீளம் அளந்து செடிகளை எண்ணவேண்டும். 10 சென்டிமீட்டர் இடைவெளியாயின் மீட்டருக்குப் பத்துச் செடிகள் நிற்பது நிறைவு. நல்ல மழை பெய்து மண்ணில் ஈரம் நிறைந்த ஆண்டில் இரண்டிற்கும் வித்தியாசம் தோன்றாமற் போகலாம். அதனால் முறை தவறு என்றாகாது. அவ்வாண்டு அதற்கு வேலையில்லை என்பதே பொருள். நீர் தேங்கும் களிமண் நிலத்தில் தடித்த உறை காற்றைத் தடுத்து முளைப்பைத் தாமதப்படுத்தவும் கூடும். அவ்வாறு கண்டால் அந்நிலத்திற்கு உறையை மெல்லியதாக்குக, அல்லது விட்டுவிடுக. எண்ணிக்கையைத் தாளில் குறித்து உதவி வேளாண்மை அலுவலரிடம் கொடுத்தால், அடுத்த பட்டத்தில் எந்தக் கிராமத்திற்கு எவ்வளவு தூள் வேண்டும் என்று திட்டமிட உதவியாகும். உறையேற்றிய விதையில் மிஞ்சியதை மட்டும் மறு ஆண்டுக்கு வைக்கவேண்டாம். கஞ்சியும் தழையும் ஈரத்தை இழுத்துப் பூஞ்சணத்தையும் வண்டையும் அழைக்கும். அன்று விதைக்க வேண்டிய அளவுக்கு அன்றோ முந்தின நாளோ உறையேற்றிக்கொண்டால் போதும்.